அயல் காசும் நம் காசும்: பணத்தின் தேசியம் குறித்துச் சில கேள்விகள்

1

ஒரு நாடு தன் காசைக் கைவிட்டு இன்னொரு நாட்டின் காசை எடுத்துக்கொள்ளலாமா? இது பொருளாதாரப் பேராசிரியர்களின் கேள்வி, இதில் நமக்கென்ன வேலை என்பதுதான் நம் சூழலில் பொதுவாக இருந்துவரும் மனநிலை. மொழி, சாதி, தேசியம், பால் அடையாளம் எல்லாவற்றையும் கட்டவிழ்த்துப் பார்த்த சிறுபத்திரிகை எழுத்து பணத்தை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறது. மூலதனத்தைப் பற்றிப் பேசுகிறோம், உலகமயமாதலைப் பற்றிப் பேசுகிறோம்; தினம் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் நோட்டைப் பற்றிப் பேச வரும்போது, அதைத் தேசத்தின் உடம்பாகவே எடுத்துக்கொண்டுவிடுகிறோம். 2025 டிசம்பரில் ஒரு டாலர் 90 ரூபாயைத் தாண்டியபோது நடந்த பேச்சைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். ஆளும் தரப்பு சமாளித்தது. எதிர்த்தரப்பு 'ரூபாயின் மானம் போச்சு' என்றது. மானம் என்ற சொல்லில் இரு தரப்புக்கும் உடன்பாடு. யாருடைய கூலியில் எவ்வளவு போச்சு என்ற கணக்கை யாரும் போடவில்லை.

தமிழில் நாணயம் என்றால் காசு, நேர்மை இரண்டும்தான். 'நாணயமான ஆள்' என்று சொல்லும்போது சொன்ன சொல் மாறாதவர் என்று அர்த்தம். அடுத்த நாட்டுக் காசை ஏற்றுக்கொள்ளலாம் என்று வாதிடுபவர்களின் அடிப்படை வாதமும் இதுதான். நம் ஆட்சியாளர்களின் சொல்லில் நாணயமில்லை, ஆகவே நாணயத்தையே வெளியிலிருந்து வாங்கிக்கொள்வோம் என்கிறார்கள். இதைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். 2023-இல் அர்ஜென்டினாவில் ஹாவியர் மிலேய் மத்திய வங்கியை மூடிவிட்டு டாலருக்கு மாறுவேன் என்ற வாக்குறுதியோடு ஜனாதிபதித் தேர்தலில் வென்றார். வாக்களித்தவர்களில் உழைக்கும் இளைஞர்கள் பலர். அவர்களை முட்டாள்கள் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

நான் இருப்பது குருபரப்பள்ளியில். கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையில், 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில் உள்ள ஊர். ஒரு பக்கம் சிப்காட், இன்னொரு பக்கம் மாந்தோப்பு, சுற்றுவட்டத்தில் கிரானைட் குவாரிகள். சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்கும், இப்போது ஒடியாவும் இந்தியும்கூட. இங்கிருந்து போகும் மாங்கூழும் கல்லும் மின்னணுச் சாமான்களும் பெரும்பாலும் டாலரில் விலை பேசப்படுபவை. ஆக டாலர் எங்களுக்கு ஒன்றும் அயல் இல்லை, எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. எங்கள் கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். இந்த இடத்திலிருந்துதான் கேள்வியை எடுக்க விரும்புகிறேன்.

2

முதலில் அந்தத் தரப்பின் வாதத்தை அதன் பலத்தோடு வைத்துவிடுவோம்.

ஈக்வடார். 1999-இல் வங்கிகள் சரிந்தன, அரசு மக்களின் வைப்புத்தொகைகளை முடக்கியது, சூக்ரே என்ற அந்நாட்டுக் காசு கரைந்துகொண்டே போனது. 2000 ஜனவரி 9 அன்று ஜனாதிபதி ஜமீல் மவாத், ஒரு டாலருக்கு 25,000 சூக்ரே என்ற விகிதத்தில் நாடு டாலருக்கு மாறும் என்று அறிவித்தார். இரண்டு வாரத்துக்குள் பழங்குடி இயக்கமும் ராணுவத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கின. ஆனால் அடுத்து வந்தவர் டாலரை மாற்றவில்லை. அந்த ஆண்டில் 90 சதவீதத்துக்கு மேல் இருந்த பணவீக்கம் சில ஆண்டுகளில் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது. டாலர்மயத்தைக் கடுமையாக விமர்சித்த பொருளாதார அறிஞரான ரஃபேல் கொர்ரெயா 2007 முதல் 2017 வரை ஆட்சியில் இருந்தார். அவராலும் அதைத் தொட முடியவில்லை, மக்கள் விடமாட்டார்கள் என்பதே காரணம். சீட்டுப் போட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்து, ஒரே வருஷத்தில் அது காகிதமாகிப் போனதைப் பார்த்தவர்களுக்குக் காசு நாளைக்கும் அதே காசாக இருக்கும் என்பது சின்ன விஷயமில்லை. பணவீக்கம் முதலில் அடிப்பது நிலமும் தங்கமும் இல்லாதவனைத்தான்.

ஜிம்பாப்வே இன்னும் கொடுமை. 2008-இன் பெரும் பணவீக்கத்துக்குப் பிறகு 2009-இல் அமெரிக்க டாலர், தென்னாப்பிரிக்க ராண்ட் என்று பல காசுகள் அங்கே புழக்கத்துக்கு வந்தன. விலைவாசி நின்றது, கடைகளில் சாமான் வந்தது. 2015-இல் பழைய காசை மொத்தமாகச் செல்லாததாக்கியபோது வங்கிக் கணக்கில் இருந்த 35,000 லட்சம் கோடிக்கு (முப்பத்தைந்துக்குப் பின் பதினைந்து சைபர்) ஒரு டாலர் கொடுத்தார்கள். வாழ்நாள் சேமிப்பு என்ற சொல்லுக்கு அங்கே அர்த்தம் இல்லாமல் போனது.

சரி, இந்தப் பக்கம் நன்மை என்றால் அந்தப் பக்கம் என்ன விலை கொடுக்கிறார்கள்?

முதல் விலை சில்லறை. ஜிம்பாப்வேக்கு டாலர் நோட்டு வந்தது, சென்ட் வரவில்லை. கடைக்காரர்கள் மீதிக்கு மிட்டாயும் பேனாவும் கொடுத்தார்கள். நம் ஊர்க் கடையில் சில்லறைக்குச் சாக்லேட் வாங்கிப் பழகியவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் ஏழையின் கணக்கே சில்லறையில்தான் ஓடுகிறது.

இரண்டாவது, அச்சடிப்பவனுக்குக் கிடைக்கும் லாபம். ஒரு 500 ரூபாய் நோட்டை அச்சடிக்கச் சில ரூபாய்தான் செலவு. நோட்டை வெளியிட்டு அதற்கு ஈடாக வைத்திருக்கும் சொத்துகளின் வருமானம் மத்திய வங்கிக்குச் சேர்கிறது. 2024–25 கணக்காண்டுக்கு ரிசர்வ் வங்கி மத்திய அரசுக்குக் கொடுத்த உபரி சுமார் 2.69 லட்சம் கோடி ரூபாய். இதில் டாலர் விற்ற லாபமும் அந்நியச் சொத்துகளின் வட்டியும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் அவற்றை ஈட்டும் நிறுவனம் ஒன்று இருப்பதே சொந்தக் காசு இருப்பதால்தான். அயல் காசை எடுத்துக்கொண்ட நாடு இந்த வருமானத்தை அச்சடிக்கும் நாட்டுக்குத் தூக்கிக் கொடுக்கிறது.

மூன்றாவது, வங்கி சரியும்போது கைகொடுக்க ஆள் இல்லை. நான்காவது, காசைக் கொடுத்தவன் குழாயை மூடிவிடலாம். பனாமா 1904 முதல் அமெரிக்க டாலரைப் புழங்கிவரும் நாடு. 1988-இல் நோரியேகாவோடு பகை முற்றியபோது அமெரிக்கா பனாமாவின் பணத்தை முடக்கியது. அங்கே வங்கிகள் வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. நோரியேகா அதற்குப் பிறகும் ஆட்சியில் இருந்தார், சம்பளம் கிடைக்காமல் தவித்தவர்கள் சாதாரண மக்கள்.

ஐந்தாவதுதான் முக்கியமானது. சொந்தக் காசு இருந்தால் நெருக்கடி வரும்போது அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைத் தூக்கி நிறுத்தலாம். அது இல்லாத இடத்தில் கூலியையே நேராக வெட்ட வேண்டும். தன் கட்டுப்பாட்டில் இல்லாத யூரோவில் மாட்டிக்கொண்ட கிரேக்கத்தில் 2012 பிப்ரவரியில் குறைந்தபட்ச ஊதியம் 22 சதவீதம் வெட்டப்பட்டது, 25 வயதுக்குட்பட்டவர்களுக்கு 32 சதவீதம். பாடப்புத்தகங்கள் இங்கே நிறுத்திக்கொண்டு, ஆகவே சொந்தக் காசே நல்லது, மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் சுதந்திரம் இருக்கிறது என்று முடிக்கும். நாம் இங்கேதான் நிறுத்திக்கொள்ளக் கூடாது. மதிப்பைக் குறைப்பது என்றால் என்ன? அது யாருக்குச் சுதந்திரம்?

3

அதற்கு முன் 'சொந்தம்' என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பார்ப்போம்.

நாம் இன்று சொந்தமென்று சொல்லும் ரூபாய் இந்த மண்ணுக்கு வந்த கதை என்ன? குருபரப்பள்ளி இருக்கும் பகுதி அன்று பாராமகால். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறியது. அலெக்சாண்டர் ரீடும் அவரின்கீழ் தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து வரிபோட்டார்கள். பின்னாளில் ரயத்துவாரி என்று பெயர்பெற்ற முறையின் சோதனைக்கூடம் இந்த மாவட்டம். அப்போது சந்தையில் வராகன், பணம், காசு என்று பல வகை, ஒவ்வொன்றிலும் பல ஊர் முத்திரை. மைசூர்க் கந்திராயப் பணமும் திப்புவின் காசும் கம்பெனிக் காசும் ஒன்றாகப் புழங்கின. மாற்றிக் கொடுக்கும் சராப் தன் கழிவைப் பிடித்துக்கொண்டான். எந்தக் காசில் வரி கட்ட வேண்டும் என்று சர்க்கார் சொல்லுகிறதோ அந்தக் காசைத் தேடித்தான் குடியானவன் தன் தானியத்தைக் கொண்டுபோய் விற்றான். பணத்தை மதிப்புள்ளதாக்குவது அரசு அதை வரியாக ஏற்பதுதான் என்று ஜெர்மானிய அறிஞர் க்னாப் 1905-இல் எழுதினார். பாராமகால் குடியானவனுக்கு அதை யாரும் புத்தகத்தில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு ஒழிக்கப்பட்டு ரூபாய் வந்தது 1818-இல், ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்ற விகிதத்தில். ஷேர்ஷா தொடங்கி, முகலாயர் வளர்த்து, கம்பெனி எடுத்துக்கொண்ட வடக்கத்திக் காசு அது. பணம் என்ற ஒரு நாணயத்தின் பெயர் நம் மொழியில் எல்லாச் செல்வத்துக்கும் பொதுப்பெயராக நின்றுவிட்டது. காசு ஆங்கிலேயன் வாயில்கூடப் போய் ஒட்டிக்கொண்டது. நாணயங்கள் போய்விட்டன, பெயர்கள் மிஞ்சின. இருநூறு வருஷத்துக்கு முன் நாமே அயல் காசை ஏற்றுக்கொண்டவர்கள்தான். கேட்டு ஏற்கவில்லை, அது வேறு விஷயம்.

இதே ரூபாய் இன்னொருவருக்கு அயல் காசாகவும் இருந்திருக்கிறது. வளைகுடா நாடுகளில் இந்திய ரூபாய் ஓடியது. 1959-இல் ரிசர்வ் வங்கி அவர்களுக்கென்றே தனி நோட்டு வெளியிட்டது. 1966 ஜூன் 6 அன்று இந்திரா காந்தி அரசு டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாயை 7.50 ஆகக் குறைத்தது. துபாய்க்காரன் பாக்கெட்டில் இருந்த காசும் அதே நாளில் அதே அளவு இளைத்தது. அவனை யாரும் கேட்கவில்லை. குவைத்தும் பஹ்ரைனும் முன்பே தினாருக்குப் போயிருந்தன, மிச்சமிருந்தவர்களும் விலகத் தொடங்கினார்கள். இன்று நம் ஊர்ப் பையன்கள் அங்கே போய் திர்ஹத்தில் சம்பாதித்து இங்கே அனுப்புகிறார்கள்.

4

தமிழர் வரலாற்றில் அயல் காசு என்ற பிரச்சினை மிகக் கூர்மையாக வெளிப்பட்ட இடம் இலங்கை. நம் இலக்கியத்தில் மலையகம் பேசப்பட்டிருக்கிறது. அட்டையும் குளிரும் கங்காணியும் வந்திருக்கிறார்கள். காசு வரவில்லை.

ஸ்டெர்லிங் கணக்கில் இருந்த இலங்கை 1872 முதல் இந்திய வெள்ளி ரூபாயைத் தன் நாணயமாக்கி அதைச் சதங்களாகப் பிரித்துக்கொண்டது. காரணம் தெளிவானது. அரிசி இந்தியாவிலிருந்து வருகிறது, கூலிகள் அங்கிருந்து வருகிறார்கள், முன்பணம் அங்கே கொடுக்க வேண்டும். ஒரே காசாக இருந்தால் வேலை சுலபம். தொழிலாளிக்கும் ஒரு நன்மை இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சேலத்திலிருந்தோ திருச்சியிலிருந்தோ போனவர் மிச்சம்பிடித்த காசை மாற்றுக் கழிவு இல்லாமல் ஊருக்குக் கொண்டுவரலாம்.

ஆனால் உலகம் தங்கத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளி விழுந்தது, ரூபாயும் கூடவே விழுந்தது. 1870-களின் தொடக்கத்தில் சுமார் 2 ஷில்லிங் இருந்த ரூபாய் 1892 வாக்கில் 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். லண்டனில் தேயிலை விற்று ஒரு பவுன் வாங்கிய துரைக்கு முன்பு 10 ரூபாய் கிடைத்தது, இப்போது 16 ரூபாய். தோட்டத்தில் கொடுக்க வேண்டிய கூலியோ அதே சதங்கள், நெடுங்காலம் அசையாமல் நின்ற சதங்கள். லண்டன் விலை இறங்கியபோதெல்லாம் இந்த வித்தியாசம் துரையைத் தாங்கியது. காப்பி நோய் வந்து அழிந்த பிறகு தேயிலை எழுந்து நின்றதற்கு மண்ணும் மழையும் மட்டும் காரணமில்லை, விழுந்துகொண்டிருந்த வெள்ளிக்கும் பங்குண்டு. அந்த வெள்ளியின் இழப்பை உடம்பில் வாங்கிக்கொண்டவர்கள் துண்டுச்சீட்டின் கடனில் கட்டுண்டு கிடந்த நம் ஜனங்கள். துண்டுமுறை சட்டப்படி ஒழிந்தது 1921-இல்தான்.

1884-இல் ஓரியண்டல் வங்கி திவாலானது. அதன் நோட்டுகள் இலங்கை முழுக்கப் புழங்கியவை. ஆளுநர் அவற்றுக்கு அரசு உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதன் பின்னர் அரசே நோட்டு வெளியிடும் நாணயச் சபை வந்தது, ஈடு இந்திய ரூபாய்தான். 1893-இல் இந்திய அரசு தன் அக்கசாலைகளை வெள்ளிக்கு மூடியபோதும், 1927-இல் ரூபாயை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று கட்டியபோதும் கொழும்பு பின்னாலேயே போக வேண்டியிருந்தது. அயல் காசு என்றால் இதுதான். நன்மை வரும்போது வரும். முடிவு மட்டும் உன்னுடையதல்ல.

சுதந்திரம் வந்தது. அமெரிக்கரான ஜான் எக்ஸ்டரின் அறிக்கைப்படி 1949-இல் நாணயச் சட்டம் வந்தது, 1950 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி திறக்கப்பட்டது. இனி சொந்தக் காசு. இதை இன்னொரு சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 1948-இன் 18-ஆம் எண் குடியுரிமைச் சட்டம். தோட்டத்தில் தேயிலை பறித்து நாட்டுக்கு அந்நியச் செலாவணி கொண்டுவந்த மலையகத் தமிழர் அந்தச் சட்டத்தால் நாடற்றவர்களானார்கள். இரண்டு வருஷ இடைவெளியில் காசு உள்நாட்டுக் காசானது, உழைத்தவன் வெளிநாட்டானான். 1964-இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள், ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்க்கலாம் என்று நிறுத்திவைத்தார்கள். நாணய இறையாண்மை பற்றி யாராவது உணர்ச்சிவசப்பட்டுப் பேசினால் எனக்கு இந்தக் கணக்குதான் ஞாபகத்துக்கு வருகிறது.

5

இனி அம்பேத்கர். 1991 நூற்றாண்டை ஒட்டி நம்மிடையே அவர் எழுத்துகள் பரவலாக வந்தன. சாதியை அழித்தொழிப்பது பற்றியும் பௌத்தம் பற்றியும் நிறையப் பேசினோம். 1923-இல் லண்டனில் வெளியான 'ரூபாயின் பிரச்சினை' நூல் மட்டும் பெருமைக்குரிய பட்டியலில் ஒரு பெயராக நின்றுவிட்டது. ரிசர்வ் வங்கியே அந்தப் புத்தகத்தால்தான் வந்தது என்று சுவரொட்டி ஒட்டுகிறோம். புத்தகத்தின் வாதத்தைத் தொடுவதில்லை.

அந்த வாதம் இதுதான், என் வார்த்தையில் சொல்கிறேன். ரூபாயின் மதிப்பு விழுந்தால் ஏற்றுமதி பெருகுகிறது, ஆகவே நாட்டுக்கு லாபம் என்று அன்றைய ஆலை முதலாளிகளும் அவர்களோடு நின்ற தேசியவாதிகளும் சொன்னார்கள். அம்பேத்கர் கேட்டார்: அந்த லாபம் எங்கிருந்து வந்தது? வெளிநாட்டான் மடியிலிருந்து வரவில்லை. விலைவாசி ஏறுகிறது, கூலி அதே வேகத்தில் ஏறுவதில்லை. இந்த இடைவெளிதான் ஏற்றுமதியாளனின் லாபம். நாட்டுக்குள்ளேயே ஒரு வர்க்கத்தின் பையிலிருந்து இன்னொரு வர்க்கத்தின் பைக்குப் போகிறது. 1925-இல் ஹில்டன் யங் ராயல் கமிஷன் முன்பும் அவர் இதே நிலையில் நின்றார்: மதிப்பைக் குறைத்தால் வணிக வர்க்கம் பிழைக்கும், உழைக்கிறவன் இழப்பான். அன்று முன்னணியில் இருந்த தேசியவாதிகள் 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்று மலிந்த ரூபாய் கேட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

ஆட்சியாளர் கையில் அச்சடிக்கும் அதிகாரத்தை இஷ்டத்துக்கு விடக்கூடாது, அளவுக்கு வரம்பு வேண்டும் என்பதும் அவர் நிலைப்பாடு. 'பாருங்கள், அம்பேத்கரே எங்கள் பக்கம்' என்று டாலர்வாதிகள் இதை எடுத்துக்கொள்ளலாம். இந்த இடத்தில் நிதானமாக யோசிக்க வேண்டும். டாலருக்கு மாறினால் அதிகாரம் ஒழிவதில்லை, இடம்தான் மாறுகிறது. 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்திலிருந்து ஒரே ஆண்டில் 4 சதவீதத்துக்கு மேல் தூக்கியது. அமெரிக்காவின் விலைவாசிக்காக எடுத்த முடிவு. ஈக்வடார் விவசாயியின் கடனுக்கும் அதுதான் மருந்து. உள்ளூர் ஆட்சியாளனையாவது ஐந்து வருஷத்தில் ஒருநாள் முறைத்துப் பார்க்கலாம்.

அம்பேத்கரின் கணக்கை இன்றைக்குப் போட்டுப் பார்க்க இலங்கையே போதும். மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் பல வருஷம் போராடி 2021-இல் நாளொன்றுக்கு 1000 ரூபாய் கூலி வாங்கினார்கள். அன்றைக்கு அது கிட்டத்தட்ட 5 டாலர். 2022 மார்ச்சில் அரசு ரூபாயைக் கைவிட்டது, மே மாதத்தில் ஒரு டாலர் 360 ரூபாயைத் தொட்டது. அதே 1000 ரூபாய் இப்போது 3 டாலர்கூட இல்லை. செப்டம்பரில் கொழும்பு விலைவாசி முந்தைய ஆண்டைவிடச் சுமார் 70 சதவீதம் கூடியிருந்தது. தேயிலை டாலர் பார்த்துத்தான் விலைபோனது. எந்தத் தோட்ட நிர்வாகமும் கூலியைக் குறைக்கவில்லை, எந்த அறிவிப்புப் பலகையிலும் எதுவும் ஒட்டப்படவில்லை, யாருக்கு எதிராகக் கொடி பிடிப்பது என்றே தெரியாத ஒரு கூலிவெட்டு நடந்து முடிந்தது.

கிரேக்கத்தையும் மலையகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு காசுகளின் வித்தியாசம் புரியும். அயல் காசில் கூலிவெட்டு முகத்துக்கு நேராக வருகிறது, சட்டமாக வருகிறது, எதிர்த்து வேலைநிறுத்தம் செய்யலாம். சொந்தக் காசில் அது இரவில் வருகிறது. முதல் வகையில் வேலையும் சேர்ந்து போகிறது, இரண்டாவதில் வேலை மிஞ்சுகிறது, கூலி கரைகிறது. எது மேல் என்பதற்குப் பொதுவான பதில் இல்லை. சங்கம் பலமாக இருக்கிறதா, கூலி விலைவாசியோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

6

ஈழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். புலிகளின் நிர்வாகத்தில் காவல்துறை இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வரி இருந்தது, 1994-இல் தமிழீழ வைப்பகம் தொடங்கப்பட்டது. காசு மட்டும் இலங்கை ரூபாய். எந்த அரசோடு போர் நடந்ததோ அந்த அரசின் நோட்டில்தான் வைப்பும் கடனும் நடந்தன. ஆசிரியர்களுக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்து வந்தது, சாமான்கள் தெற்கிலிருந்து வந்தன. தனிக் காசு அடித்திருந்தால் அது முல்லைத்தீவைத் தாண்டி ஒரு மூட்டை மாவுகூட வாங்கியிருக்காது. கொடியைவிடக் காசு கஷ்டமானது. கொடிக்கு நம் ஒப்புதல் போதும், காசுக்கு எதிரில் நிற்கும் வியாபாரியின் ஒப்புதலும் வேண்டும். 2009-க்குப் பிறகு மக்கள் அந்த வைப்பகத்தில் வைத்திருந்த நகைகள் ராணுவத்தின் கைக்குப் போயின. காசு யாருடையது என்பதோடு, காசையும் நகையையும் காப்பாற்றும் நிறுவனம் யாருடையது, அது எவ்வளவு நாள் நிற்கும் என்பதும் கேள்விதான்.

சொந்த அரசு, சொந்த வங்கி, சொந்தக் காசு எல்லாம் இருந்தும் என்ன நடக்கலாம் என்பதற்கு 2016 நவம்பர் 8 போதும். அன்றிரவு புழக்கத்தில் இருந்த பணமதிப்பில் 86 சதவீதம் செல்லாக்காசாகியது. அந்த வாரம் எங்கள் பக்கம் மண்டியில் கொடுக்கல் வாங்கல் நின்றது, கட்டட வேலைக்கு வந்திருந்த வடக்கத்திப் பையன்கள் கூலி வாங்க முடியாமல் ரயிலேறினார்கள். நம்மைக் கேட்காமல் மாற்றப்படும் காசு எந்த ஊரில் அச்சடித்ததானாலும் அயல் காசுதான்.

7

இப்போது குருபரப்பள்ளிக்கு வருவோம்.

2025 கோடையில் பெங்களூரா காய் விலை விழுந்தது. கிலோவுக்குப் பத்து ரூபாய்கூட இல்லை, பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் ஒன்றும் மிஞ்சாது. பல தோட்டங்களில் காய் மரத்தடியிலேயே கிடந்தது. ஆந்திராவில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா காயை உள்ளே விடவில்லை. ஒரே நாடு, ஒரே காசு, ஆனால் எல்லையில் லாரி நிற்கிறது. தோட்டம் குத்தகை எடுத்திருந்த ஒருவர் என்னிடம் கேட்டார்: "டாலர் ஏறுது, ஏறுதுன்னு டிவியில சொல்றாங்களே சார், கூழெல்லாம் டாலருக்குத்தானே போவுது? அப்ப காய் ஏன் எறங்குது?" ரூபாய் விழுந்தால் ஏற்றுமதியாளருக்கு லாபம், அந்த லாபம் கீழே கசிந்து விவசாயிக்கு வரும் என்று எழுதுகிற பத்தியாளர்கள் இவருக்குப் பதில் சொல்ல வேண்டும். சரக்கை நாலு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாதவனுக்கும் கிடங்கில் போன வருஷக் கூழ் வைத்திருப்பவனுக்கும் இடையில் நடக்கும் பேரத்தில் செலாவணி விகிதம் கசிவதில்லை.

"அப்ப நமக்கும் டாலர்லயே குடுத்துட்டா?" என்றார். கொடுத்தால் நாளைக்கு ரூபாய் விழும்போது அவர் தப்பித்துக்கொள்வார். ஆனால் கிலோவுக்கு எத்தனை சென்ட் என்று சொல்லப்போவதும் அதே ஆள்தான். டாலர் பேரம் பேசாது. ஒன்று மட்டும் நடக்கும்: கூழ் எத்தனை டாலருக்குப் போனது, காய்க்கு எத்தனை வந்தது என்று இரண்டும் ஒரே காசில் கண்ணுக்குத் தெரியும். ரூபாய், டாலர் என்ற இரண்டு கணக்குக்கு நடுவில்தான் கொள்ளை ஒளிந்துகொள்கிறது.

இன்னொன்று. தமிழ்நாடு ஏற்கனவே தான் அச்சடிக்காத காசில் வாழும் அரசு. வட்டியை அது நிர்ணயிப்பதில்லை, மத்திய அரசுக்குக் கடன்பட்டிருக்கும்வரை அரசியல் சட்டத்தின் 293-ஆம் பிரிவுப்படி அதன் அனுமதியில்லாமல் கடன் வாங்கவும் முடியாது. இப்படிப்பட்ட பொதுக்காசு எப்போது நியாயமாகும் என்று ராபர்ட் முண்டெல் 1961-இல் ஒரு கோட்பாடு தந்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சொன்ன நிபந்தனைகள் இரண்டு: வேலை இல்லாத இடத்திலிருந்து வேலை உள்ள இடத்துக்கு உழைப்பாளி நகர வேண்டும், வசதியான பகுதியின் வரி வசதியில்லாத பகுதிக்குப் போக வேண்டும். முதலாவது நிபந்தனை எங்கள் சிப்காட் வாசலில் ஷிப்டு மாறும்போது தெரிகிறது. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு ரூபாய் ஒரே ரூபாயாக இருப்பதற்கு அவர்கள் தங்கள் ஊரைக் கொடுத்திருக்கிறார்கள். கோட்பாட்டில் இது 'சரிப்படுத்தும் பொறிமுறை' என்று ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. இரண்டாவது நிபந்தனையின் பெயரில்தான் நிதிக்குழுச் சண்டை. 2021–26-க்கான 15-ஆவது நிதிக்குழு மத்திய வரிப்பங்கில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம் கொடுத்தது. அது போதாது என்று நாம் கத்துவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் ஒடிசாவுக்குப் போகிறதே என்று பேசும்போது, ஒடிசாக்காரப் பிள்ளையின் உழைப்பு இங்கே வந்துகொண்டிருப்பதையும் அதே மூச்சில் பேச வேண்டும். அதைப் பேசாத மாநில உரிமை 1948-இல் கொழும்பு பேசிய சொந்தத்தைப் போல ஆகிவிடும்.

ஆகவே அயல் காசா, சொந்தக் காசா என்ற கேள்விக்கு நான் சொந்தக் காசின் பக்கமே நிற்கிறேன், மானத்துக்காக அல்ல. அச்சடிப்பு வருமானம் இங்கே இருக்கிறது, வங்கி விழுந்தால் பிடிக்க ஒரு கை இருக்கிறது, முடிவெடுப்பவர்களை நெருக்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்தக் கடைசி வழியை நாம் பயன்படுத்தாவிட்டால் மற்ற இரண்டும் நம்மைச் சேராது.

அதைப் பயன்படுத்துவதற்கான கருவி தொழிற்சங்க மொழியில் பழைய சொல்லாகவே இருக்கிறது: பஞ்சப்படி. விலைவாசி ஏறினால் கூலியும் தானாக ஏற வேண்டும் என்ற அந்தக் கோரிக்கைதான் அம்பேத்கர் காட்டிய ஓட்டையை அடைக்கும் முளை. ஓசூர் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு ஒப்பந்தத்தில் அது உண்டு. ஒப்பந்தக் கூலிக்கும் பயிற்சித் தொழிலாளி என்ற பெயரில் வருஷக்கணக்காக நிற்பவருக்கும் 'மொத்தச் சம்பளம்' என்று ஒரே எண், ரூபாய் எங்கே போனாலும் அசையாத எண். அந்தக் காலத்துத் தோட்டத்தின் சதங்களைப் போல. நாம் எழுத வேண்டியதும் பேச வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. சங்கத் தோழர்கள் அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது ஒப்பந்தத் தொழிலாளியின் பஞ்சப்படியை முதல் கோரிக்கையாக வைக்கட்டும். மாம்பருவம் தொடங்குமுன் மாவட்ட ஆட்சியர் கூட்டும் கூட்டத்தில் கூழின் ஏற்றுமதி விலையையும் அன்றைய டாலர் விகிதத்தையும் மேசைமேல் வைத்துவிட்டுக் காய் விலையைப் பேசச் சொல்லி விவசாயிகள் கேட்கட்டும். இரண்டுக்கும் புது நாணயம் தேவையில்லை, கணக்கு வெளியே வந்தால் போதும்.